புரியாமல் நடந்ததும் புரிந்தே நடந்ததும்

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றின் ஆண்டுக் கூடுகையில் பேசியதன் எழுத்து வடிவம்)



“தலைமையும் தெளிவான உரையாடலும்” என்று தலைப்பைச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் தயக்கமாக இருந்தது. கல்லூரிகளில் ஆளுமை வளர்ச்சி வகுப்பு எடுக்க வருகிறவர்கள் பேசும் தலைப்பு மாதிரி இருந்தது. கண்ணைப் பார்த்துப் பேசுங்கள், புன்னகையோடு பேசுங்கள், எதிரில் இருப்பவரின் பெயரை மூன்று முறை சொல்லுங்கள் என்பார்களே, அது. நான் அதற்கு ஆள் இல்லை. எனக்கு இந்தத் தலைப்பில் பேச ஒரு தகுதிதான் உண்டு. நான் இதில் மோசமாகத் தோற்றிருக்கிறேன். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஆறு வருடங்களுக்கு முன்னால் நடந்தது. முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். விடுதியில் தங்கிப் படிக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு அந்த வருடம் கல்வி உதவித்தொகை வந்து சேரவில்லை. ஆனால் மெஸ் கட்டணத்தை உடனே கட்ட வேண்டும், கட்டாதவர்களுக்கு அடுத்த மாதத்திலிருந்து சாப்பாடு இல்லை, தாமதத்துக்கு அபராதமும் உண்டு என்று அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். நாங்கள் நிர்வாகக் கட்டடத்தின் முன்னால் உட்கார்ந்தோம். முதல் நாள் முப்பது பேர். மூன்றாம் நாள் இருநூறுக்கும் மேல்.

மூன்றாம் நாள் சாயங்காலம் பேச்சுவார்த்தைக்கு மூன்று பேரை உள்ளே கூப்பிட்டார்கள். அதில் நான் ஒருவன். ஒன்றரை மணி நேரம் பேசினோம். உதவித்தொகை வரும்வரை யாருக்கும் சாப்பாட்டை நிறுத்த மாட்டோம், பத்து நாளில் எழுத்தாகத் தருகிறோம் என்றார்கள். அபராதத்தைப் பற்றிப் பிடி கொடுக்கவில்லை. வெளியே வரும்போது ஒருவர் தோளில் கை போட்டு, “இன்னைக்கு ராத்திரி போலீஸ் வரும் தம்பி, பொம்பளைப் பிள்ளைங்க பேரெல்லாம் எஃப்ஐஆர்ல ஏறினா நல்லாவா இருக்கும்” என்றார். அந்த வார்த்தை எங்களை ஆட்டிவிட்டது.

வெளியே வந்து நேராகப் போராட்டப் பந்தலுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. நாங்கள் மூவரும் இன்னும் நான்கு பேரும் பின்வாசல் டீக்கடையில் கூடினோம். இரவு பத்தரை மணி. கலைவது என்று முடிவு செய்தோம். வாட்ஸ்அப் குழுவில் நான்தான் தட்டினேன்: “பேச்சுவார்த்தையில் முன்னேற்றம். போராட்டம் தற்காலிகமாக ஒத்திவைக்கப்படுகிறது. தோழர்கள் அமைதியாகக் கலைந்து செல்லவும்.”

அவ்வளவுதான். நான் அறைக்குப் போய்த் தூங்கிவிட்டேன். மூன்று நாள் தூக்கம் பாக்கி இருந்தது.

காலையில் எழுந்து பார்த்தால் போனில் நூற்றுக்கும் மேல் செய்திகள். அதில் ஒன்று மட்டும் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். முதலாண்டு முதுகலை படித்த ஒரு தம்பி அனுப்பியது. “எவ்வளவு வாங்குனீங்கண்ணே?”

அந்தத் தம்பியின் அம்மா கம்மலை அடகு வைத்து முந்தைய மாத மெஸ் பில்லைக் கட்டியிருந்தார். அவன் அந்த மூன்று நாளும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தவன். எனக்குக் கோபம் தலைக்கேறியது. என் நேர்மையைச் சந்தேகப்படுகிறான், அரசியல் புரிதல் இல்லாதவன் என்று நண்பர்களிடம் பொரிந்து தள்ளினேன். குழுவில் நீளமாக ஒரு விளக்கம் எழுதினேன். அதில் பாதி, நான் எத்தனை வருடமாக இந்த இயக்கத்தில் இருக்கிறேன் என்பது. அதற்கு நாற்பது பேர் குழுவை விட்டு வெளியேறினார்கள்.

இரண்டு நாள் கழித்து மெஸ்ஸில் சமைக்கும் அக்கா ஒருவர் சாம்பார் ஊற்றிக்கொண்டே கேட்டார். “ஏன் தம்பி, உள்ள என்ன பேசுனீங்கன்னு அந்தப் புள்ளைங்ககிட்ட சொன்னீங்களா?” சொன்னேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் உறைத்தது, நான் சொல்லவே இல்லை. முடிவைச் சொன்னேன். காரணத்தைச் சொல்லவில்லை. எங்கள் தரப்பு நியாயத்தைச் சொன்னேன். நடந்ததைச் சொல்லவில்லை.

அந்தத் தம்பியின் இடத்திலிருந்து பாருங்கள். மூன்று பேர் ஓர் அறைக்குள் போகிறார்கள். கதவு சாத்தப்படுகிறது. வெளியே வந்தவர்கள் முகம் காட்டவில்லை. ராத்திரி ஒரு செய்தி வருகிறது, கலைந்து போ என்று. இந்தக் காட்சியை அவன் பல்கலைக்கழகத்தில்தான் முதன்முதலாகப் பார்க்கிறானா? இல்லை. அவனுடைய தெருவில் அவன் அப்பா பார்த்திருக்கிறார், தாத்தா பார்த்திருக்கிறார். கூலிப் பிரச்சினைக்கு, சுடுகாட்டுப் பாதைக்கு, திருவிழாத் தகராறுக்கு யாரோ நாலு பேர் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து, “எல்லாம் பேசி முடிச்சாச்சு, கலைஞ்சு போங்க” என்று சொல்வதை அந்தத் தெரு தலைமுறை தலைமுறையாகக் கேட்டிருக்கிறது. நாம் பேசாமல் விட்ட இடம் வெற்றிடமாக இருக்கும் என்று நாம் நினைக்கிறோம். அங்கே ஏற்கெனவே ஒரு வரலாறு உட்கார்ந்திருக்கிறது. நாம் காரணத்தைச் சொல்லாவிட்டால் அந்த வரலாறு தன் காரணத்தைச் சொல்லும்.

இன்னொன்றும் எனக்குப் பின்னால்தான் புரிந்தது. பெண்கள் விடுதியின் கேட்டை எட்டு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். பத்தரை மணிக்கு ஒரு டீக்கடையில் முடிவெடுத்தால் அந்த முடிவில் ஒரு பெண்கூட இருக்க முடியாது. “பொம்பளைப் பிள்ளைங்க பேர்ல எஃப்ஐஆர்” என்ற பயத்தில் முடிவெடுத்த எங்களில் ஒருவருக்கும், அந்தப் பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. பிற்பாடு ஒரு தோழி சொன்னார்: “எங்களுக்காகப் பயந்தீங்க, சரி. எங்ககிட்ட கேட்டுட்டுப் பயந்திருக்கலாம்ல?”

அதன் பிறகு அறை அறையாகப் போனேன். உள்ளே என்ன பேசினார்கள், எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை, எந்த வார்த்தைக்குப் பயந்தோம் எல்லாவற்றையும் சொன்னேன். பயந்தோம் என்று சொல்வதுதான் இருப்பதிலேயே கஷ்டமாக இருந்தது. அந்தத் தம்பி முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னான்: “இதை அன்னைக்கே சொல்லியிருந்தா, கலைய வேண்டாம்னு நான் சண்டை போட்டிருப்பேன். ஆனா அப்படி ஒரு மெசேஜ் போட்டிருக்க மாட்டேண்ணே.”

தோழர்களே, நான் இன்றைக்குச் சொல்ல வந்தது முழுக்க அந்த ஒரு பதிலுக்குள் இருக்கிறது. விளக்கிச் சொன்னால் எல்லோரும் நம்மோடு ஒத்துப்போய்விடுவார்கள் என்று நினைக்காதீர்கள். விளக்கம் கருத்து வேறுபாட்டை ஒழிக்காது. ஆனால் கருத்து வேறுபாடு துரோகமாக மாறிவிடாமல் தடுக்கும். தலைமையில் இருப்பவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் மகத் போராட்டத்தைப் பற்றி மறுபடி படித்தேன். சவுதார் குளத்தில் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்தார் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். சுவரில் ஓவியமாகவே பார்த்திருக்கிறோம். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்று பார்த்தால், நம்முடைய இன்றைய தலைப்புக்கு அதைவிடப் பெரிய பாடம் கிடையாது.

1923 ஆகஸ்ட் மாதம் பம்பாய் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுப் பணத்தில் கட்டிய, பராமரிக்கிற கிணறு, குளம், பள்ளி, மருத்துவமனை, நீதிமன்றம் எதையும் தீண்டப்படாதார் பயன்படுத்தலாம் என்று தீர்மானம் நிறைவேறியது. அதையொட்டி 1924 ஜனவரியில் மகத் நகராட்சியும் சவுதார் குளம் எல்லோருக்கும் பொது என்று தீர்மானம் போட்டது. காகிதத்தில் எல்லாம் தெளிவாக இருந்தது. முஸ்லிம்கள் அந்தக் குளத்தில் தண்ணீர் எடுத்தார்கள், கிறித்தவர்கள் எடுத்தார்கள், ஆடு மாடு குடித்தது. மூன்று வருடமாக ஒரு தலித்தாலும் இறங்க முடியவில்லை.

1927 மார்ச் 19, 20 தேதிகளில் அங்கே மாநாடு நடந்தது. ஏற்பாடுகளுக்கு ஓடியாடியவர்களில் ராமச்சந்திர பாபாஜி மோரே முக்கியமானவர். அவருக்கு அப்போது இருபத்து நான்கு வயது. உங்கள் வயதுதான். இரண்டாம் நாள் ஆயிரக்கணக்கானவர்கள் வரிசையாகக் குளத்துக்கு நடந்தார்கள். அம்பேத்கர் குடித்தார், மற்றவர்களும் குடித்தார்கள். அமைதியாகப் பந்தலுக்குத் திரும்பினார்கள்.

இரண்டு மணி நேரத்துக்குள் ஊரில் ஒரு வதந்தி கிளம்பியது. “அடுத்து வீரேஸ்வரர் கோயிலுக்குள் நுழையப் போகிறார்கள்.” தடியோடு ஆதிக்க சாதிக் கும்பல் திரண்டது. பந்தலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களையும் ஊருக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தவர்களையும் அடித்தார்கள். சோற்றில் மண்ணை அள்ளிப் போட்டார்கள். அடிபட்டவர்கள் சிலர் முஸ்லிம்களின் வீடுகளுக்குள் புகுந்து தப்பித்தார்கள்.

அம்பேத்கர் அப்போது பயணியர் விடுதியில் இருந்தார். செய்தி கேட்டு வெளியே வந்தவரை வழியில் ஒரு கும்பல் மறித்தது. கோயிலுக்குள் நுழையும் எண்ணமோ திட்டமோ எங்களுக்கு இல்லை என்று அவர்களிடம் நேருக்கு நேர் சொன்னார். தன் பக்கம் திருப்பி அடிக்கத் துடித்துக்கொண்டு நின்றவர்களிடம், அவர்களில் பட்டாளத்தில் இருந்து வந்தவர்களும் உண்டு, கட்டுப்பாட்டோடு இருக்கச் சொன்னார். ஒரே நாளில், ஒரே தெருவில், இரண்டு பக்கமும் பேச வேண்டியிருந்தது. இரண்டு பக்கமும் பொய் இல்லாமல் பேசினார்.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. கோயில் பற்றிய வதந்தி பொய். அதை அவர் அங்கேயே மறுத்தார். ஆனால் அதற்காக நடந்த வன்முறையைப் “புரிதல் பிழையால் வந்த கலவரம்” என்று அவர் எடுத்துக்கொள்ளவில்லை. எப்படி எடுத்துக்கொள்ள முடியும்? வதந்தி பொய் என்று தெரிந்த பிறகு ஊர் என்ன செய்தது? மன்னிப்புக் கேட்டதா? 108 குடம் பால், தயிர், சாணம், கோமியம் ஊற்றிக் குளத்தைத் தீட்டுக் கழித்தது. அதே வருடம் ஆகஸ்டில் நகராட்சி தன் பழைய தீர்மானத்தையே ரத்து செய்தது. கோயிலுக்கும் இந்த இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. அவர்களுக்கு எல்லாம் நன்றாகப் புரிந்திருந்தது. தலித் மக்கள் தண்ணீர் குடித்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று நம்மைவிட அவர்களுக்குத் தெளிவாகப் புரிந்திருந்தது.

அதனால்தான் “தவறான புரிதல்” என்ற சொல்லைக் கேட்டாலே நான் உஷாராகிவிடுகிறேன். நம் ஊர்களில் தேர் வரும் பாதையில் தகராறு, டீக்கடையில் தனி டம்ளர், கொடிக்கம்பத்தை வெட்டிவிட்டார்கள் என்று எது நடந்தாலும் சமாதானக் கூட்டம் போடுவார்கள். அதில் எழுதப்படும் முதல் வாக்கியம் இப்படித்தான் இருக்கும்: “இரு தரப்பினருக்கும் இடையே ஏற்பட்ட புரிதல் குறைபாட்டின் காரணமாக.” அந்த வாக்கியத்தில் அடித்தவனும் அடிபட்டவனும் சரிசமமாக உட்கார வைக்கப்படுகிறார்கள். நம்மை வேறு எங்கும் சமமாக உட்கார வைக்காதவர்கள் அந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் உட்கார வைப்பார்கள். நம் பக்கத்திலிருந்து போகும் தலைவர் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டால் நடந்தது அநீதி என்பதே அழிந்துபோகும்.

இதற்கு நான் வைத்திருக்கும் சோதனை ரொம்ப எளிது. விளக்கிச் சொன்னால் தீருமா? தீர்ந்தால் அது புரிதல் பிழை. எல்லாவற்றையும் விளக்கிய பிறகும் டம்ளர் இரண்டாகவே இருந்தால் அது சாதி. முதலாவதற்குப் பொறுமையான பேச்சு வேண்டும். இரண்டாவதற்குச் சட்டமும் போராட்டமும் வேண்டும். நாம் பல நேரம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். சாதிவெறியனுக்கு உட்கார்ந்து பொறுமையாக விளக்கம் சொல்கிறோம். பக்கத்தில் நிற்கும் தோழனிடம் ஒரு வார்த்தை பேசாமல் போராட்டம் நடத்துகிறோம்.

மகத்துக்கு இரண்டாவது முறை போவது என்று அம்பேத்கர் அறிவித்தார். இந்த முறை சத்தியாகிரகம். அந்த ஏற்பாடுகளின்போது பார்ப்பனரல்லாதார் இயக்கத் தலைவர்களான கேசவராவ் ஜேதேவும் தினகர்ராவ் ஜவால்கரும் ஆதரவு தருவதாகச் சொன்னார்கள். ஒரு நிபந்தனை: பார்ப்பனர்கள் எவரையும் சேர்க்கக் கூடாது. ஆதரவு தேவைப்பட்ட நேரம் அது. சரி பார்த்துக்கொள்ளலாம் என்று பட்டும் படாமலும் ஒரு பதில் சொல்லியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. எங்கள் சண்டை பார்ப்பனியத்தோடு, பிறப்பால் பார்ப்பனராக இருப்பவர்கள் எல்லோரோடும் இல்லை, பார்ப்பனியம் மற்ற சாதிகளுக்குள்ளும் இருக்கிறது என்ற நிலைப்பாட்டைத் தெளிவாகச் சொல்லி அந்த நிபந்தனையை மறுத்தார். அந்த டிசம்பரில் மனுஸ்மிருதியை எரிக்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்த சகஸ்ரபுத்தே பிறப்பால் பார்ப்பனர்தான். கூட்டணிக்காகக் கொள்கையை மங்கலாக வைத்துக்கொண்டால் பின்னால் இரண்டு தரப்பும் ஏமாந்ததாக நினைக்கும். முதலிலேயே முடியாது என்று சொல்வதும் நல்ல உரையாடல்தான்.

இப்போது என்னை உலுக்கிய இடத்துக்கு வருகிறேன். 1927 டிசம்பர் 25. மகத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் திரண்டுவிட்டார்கள். சிறைக்குப் போகவும் தயார் என்று வந்தவர்கள். அன்று இரவு மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. ஆனால் மாநாட்டுக்குச் சில நாட்கள் முன்னால் ஆதிக்க சாதியினர் நீதிமன்றத்துக்குப் போய், குளம் தனியார் சொத்து என்று சொல்லித் தடையாணை வாங்கியிருந்தார்கள். ஒரு பக்கம் கொந்தளித்து நிற்கும் மக்கள், இன்னொரு பக்கம் நீதிமன்றத் தடை.

என் டீக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். அம்பேத்கரும் நான்கு பேரைக் கூப்பிட்டு வைத்து முடிவெடுத்துவிட்டு, “சத்தியாகிரகம் ஒத்திவைக்கப்படுகிறது” என்று ஒரு சீட்டு எழுதி அனுப்பியிருக்கலாம். அவர் சொன்னால் கேட்கிற மக்கள்தான். ஆனால் விஷயம் பந்தலுக்குள் வந்தது. மாவட்ட ஆட்சியரே மேடையேறி மக்களிடம் அரசின் நிலையைச் சொல்ல விடப்பட்டார். குளத்துக்குப் போயே தீர வேண்டும் என்றவர்களும் பேசினார்கள், வேண்டாம் என்றவர்களும் பேசினார்கள். கடைசியில் அம்பேத்கர் தன் காரணங்களைச் சொன்னார். நாம் மோதுவது சாதி இந்துக்களோடு, இப்போது போனால் அரசோடும் நீதிமன்றத்தோடும் மோத வேண்டியிருக்கும், சட்டப்படியே இந்த உரிமையை நிலைநாட்டுவோம் என்பது அதன் சாரம். அதன் பிறகுதான் ஒத்திவைக்கும் முடிவு. மக்கள் வெறுமனே கலைந்து போகவில்லை. ஊருக்குள் ஊர்வலமாகப் போய்விட்டுத்தான் திரும்பினார்கள்.

அந்த முடிவு சரியா தவறா என்று இன்றைக்கும் ஆய்வாளர்கள் விவாதிக்கலாம். அன்றைக்கே போயிருக்க வேண்டும் என்று நினைத்தவர்கள் அந்தப் பந்தலிலேயே இருந்தார்கள். வழக்கு பத்து வருடம் நடந்தது. 1937 மார்ச் 17 அன்றுதான் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வெற்றி கிடைத்தது. பத்து வருடம் என்பது சின்ன விலை இல்லை. ஆனால் அந்த மக்கள் அவரை விட்டுப் போகவில்லை. “எவ்வளவு வாங்கினீர்கள்” என்ற கேள்வி எழ அங்கே இடமே இல்லை. ஏனென்றால் கதவு சாத்தப்படவில்லை.

சிலர் கேட்கலாம், அவர் அம்பேத்கர், அவருடைய ஆளுமைக்கு மக்கள் கட்டுப்பட்டார்கள் என்று. நான் அப்படி நினைக்கவில்லை. அந்த நம்பிக்கை ஒரு நாளில் வந்ததும் இல்லை. 1920 ஜனவரி 31 அன்று ‘மூக்நாயக்’ தொடங்கினார். மார்ச் மாதத் தாக்குதல் நடந்து இரண்டே வாரத்தில், 1927 ஏப்ரல் 3 அன்று, ‘பஹிஷ்கிருத் பாரத்’ இதழைக் கொண்டுவந்தார். ஆங்கிலத்தில் எழுதிக் குவித்த மனிதர் இவற்றை மராத்தியில் நடத்தினார், பெரும்பகுதியை அவரே எழுதினார். நம்மைப் பற்றி ஊர்ப் பத்திரிகைகள் எழுதும் வதந்திக்கு நாமே, நம் மக்கள் மொழியில், உடனுக்குடன் பதில் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒருவர் படித்துக் காட்டுவார். பாட்டாகவும் நாடகமாகவும் ஜல்சாக் குழுக்கள் கொண்டுபோய்ச் சேர்த்தன. தெளிவான பேச்சு என்பது மேடையில் பேசும் திறமை மட்டும் இல்லை. சொன்னது கடைசி ஆள்வரை போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதும் அதில் சேர்ந்ததுதான்.

இன்னும் ஓர் எடுத்துக்காட்டு. 1935 அக்டோபர் 13 அன்று இயோலாவில், இந்துவாகப் பிறந்தேன், இந்துவாகச் சாக மாட்டேன் என்று அறிவித்தார். அந்த ஒரு வரி நாடு முழுக்கத் தீயாகப் பரவியது. பயம், குழப்பம், கேலி, பேரம் எல்லாம் கூடவே வந்தது. எந்த மதம், எப்போது, இட ஒதுக்கீடு என்னாகும், நம் குலசாமி என்னாகும் என்று சாதாரண மக்களுக்கு ஆயிரம் கேள்வி. அடுத்த ஆண்டு மே மாதக் கடைசியில் பம்பாயில் தன் மக்களைக் கூட்டி, மதமாற்றம் ஏன் என்று மிக நீண்ட உரை ஒன்றை மராத்தியில் ஆற்றினார். ஒவ்வொரு சந்தேகத்தையும் எடுத்து வைத்துப் பதில் சொன்னார். முடிவை அவர்கள் அறிவுக்கே விட்டார். இருபது வருடம் கழித்து 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பௌத்தம் ஏற்றபோதும் மக்களுக்கு 22 உறுதிமொழிகளைக் கொடுத்தார். எதை விடுகிறோம், எதை ஏற்கிறோம் என்பதை ஒவ்வொன்றாக, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டியும் திருப்பிச் சொல்லும்படி வைத்தார். சடங்கை மாற்றிக்கொண்டு பழைய சாமியையும் வைத்துக்கொள்ளலாம் என்ற மயக்கத்துக்கு அதில் இடமில்லை.

சரி, நமக்கு வருவோம். நம் இளைஞர் அமைப்புகளில் இன்றைக்கு ஒரு சொல் ரொம்ப மலிந்துவிட்டது: “விலை போய்விட்டார்.” நிஜமாகவே விலை போனவர்கள் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் பாதி நேரம் அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருப்பது ஒரு பாதி வாக்கியம், ஒரு ஸ்கிரீன்ஷாட், வராத ஒரு பதில். தலைமையில் இருப்பவர்கள் அதைக் கேட்டதும் செய்யும் முதல் வேலை, நான் செய்தது மாதிரி, காயப்படுவது. நம் தியாகப் பட்டியலை எடுத்து வாசிப்பது. கேட்டவர் நம் தியாகத்தைக் கேட்கவில்லை. உள்ளே என்ன நடந்தது என்று கேட்கிறார். அதற்குப் பதில் சொன்னால் போதும்.

என்னைத் திருத்திக்கொள்ள நான் பிடித்துக்கொண்ட சில பழக்கங்களைச் சொல்கிறேன். பேச்சுவார்த்தை முடிந்தால் டீக்கடை கிடையாது, நேராகப் பந்தல்தான். கிடைத்தது இது, கிடைக்காதது இது, வாய்ப்பேச்சாக மட்டும் சொன்னது இது என்று தனித்தனியாகச் சொல்கிறோம். “முன்னேற்றம்” என்ற சொல்லைத் தடை செய்துவிட்டோம். தெரியாததைத் தெரியாது என்கிறோம். எல்லோரும் வர முடியாத நேரத்திலும் இடத்திலும் முடிவெடுப்பதில்லை. பெண்கள் விடுதி கேட் பூட்டும் நேரம்தான் எங்கள் கூட்டம் முடியும் நேரம். தீர்மான நோட்டில் பெரும்பான்மை முடிவை மட்டும் எழுதாமல், யார் எதனால் எதிர்த்தார்கள் என்பதையும் எழுதி, அடுத்த கூட்டத்தில் சத்தமாகப் படிக்கிறோம். எதிர்த்தவர் தன் பெயரும் காரணமும் சரியாகப் படிக்கப்படுவதைக் கேட்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் தோழர்களே. தோற்றவர் மாதிரி இருக்க மாட்டார்.

இதெல்லாம் நேரம் எடுக்கும். ஆத்திர அவசரத்தில் எல்லோரையும் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா என்பார்கள். முடியாத தருணங்கள் உண்டு. அப்போது முடிவை எடுங்கள். ஆனால் காரணத்தை அன்றிரவே சொல்லுங்கள். காரணம் ஒரு நாள் தாமதமானால் அதைச் சரிசெய்ய ஒரு வருடம் ஆகிறது. எனக்கு ஆனது.

அந்தப் போராட்டம் என்னாயிற்று என்று கேட்பீர்கள். பத்து நாளில் வர வேண்டிய கடிதம் மூன்று வாரம் கழித்து வந்தது. சாப்பாட்டை நிறுத்தவில்லை. அபராதத்தை மட்டும் கடைசிவரை ரத்து செய்யவில்லை. நாங்கள் இன்னும் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தால் அதுவும் கிடைத்திருக்குமா? அந்தத் தம்பி கிடைத்திருக்கும் என்கிறான். எனக்குப் பதில் தெரியவில்லை. அவன் திரும்ப எங்கள் அமைப்புக்கு வரவில்லை. புத்தகம் கேட்டு மட்டும் அவ்வப்போது போன் செய்வான். போன மாதம் பேசும்போது, அவன் வேலை பார்க்கும் இடத்தில் ஒரு சங்கம் தொடங்கியிருப்பதாகச் சொன்னான். “முதல் கூட்டத்துலயே நோட்டு போட்டுட்டேண்ணே, எதிர்க்கிறவங்க பேரும் எழுதணும்னு” என்றான்.

நான் பேசி முடித்துவிட்டேன். இதில் எனக்கு எதிராகச் சொல்ல உங்களுக்கு நிறைய இருக்கும். மைக்கை முதலில் பின்வரிசைக்குக் கொடுங்கள். அங்கிருப்பவர்களில் சிலர் ஏழரை மணிக்கெல்லாம் கிளம்ப வேண்டும்.

ஜெய்பீம்.